வீட்டுக்காரர் வருவாரா

கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற பெண்ணிடம் அட்வான்ஸ் பற்றிப் பிறகுதான் பேசுவார்கள். முதலில், "வீட்டுக்காரர் என்ன செய்யுதாரு?" என்று கேட்பார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட நானும் அதற்குப் பதில் இல்லாமல் பல வாசல்களிலிருந்து திரும்பியவள்தான். அதனால் குறைந்த வாடகைக் குடியிருப்பில் விசாரணை அலுவலர் வேலை கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டது திமிரால் அல்ல, இன்ஸ்பெக்டர் சார். அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. இன்னொருவர் எழுதினால் நான் சொல்லாததும் அதில் வந்துவிடும்.

வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். கடம்பூர் ரோட்டில் கரிசலை மேடாக்கிக் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அவை. வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கிற கூலிக் குடும்பங்களுக்கு மட்டும். தனித்து வாழும் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை நான் வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள் என்று சரிபார்க்க வேண்டும். வாயால் சொல்வதை மட்டும் நம்பினால் இந்த வேலை ஓடாது. வாசலில் யார் செருப்பு, கொடியில் யார் துணி என்று பார்க்க வேண்டும். புது பைக்கைப் பக்கத்துத் தெருவில் ஒளித்து வைத்தவர்களைப் பிடித்திருக்கிறேன். சம்பாதிக்கிற மகனை விருந்தாளி என்று சொன்னவர்களைத் தெரிந்தே விட்டும் இருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குச் சொல்கிற பொய்யில் எனக்குக் கோபம் வராது.

சுகுணா சொன்ன பொய் அந்த வகை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் தங்கை இசக்கிச்செல்வியும் அவளும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார்கள். குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் தீப்பிடித்தபோது சுகுணா வெளியே ஓடி வந்துவிட்டாள், தங்கை மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பிழைக்கவில்லை. விசாரணையில் முதலாளி தரப்பு, அந்தப் பெண் அன்றைக்கு வேலையிலேயே இல்லை என்றது. சாட்சிக்குச் சுகுணா வந்தாள்.

"இசக்கி அன்னைக்கு வேலைக்கு வரல சார். என்னைப் பாக்கச் சும்மா வந்தா," என்றாள்.

வாய் கூசாமல் சொன்னாள். அன்று காலையில் எங்கள் வாசலில் நின்று, "ஏட்டி இசக்கி, வாரியா?" என்று கூப்பிட்டு அழைத்துப் போனவளே அவள்தான். நஷ்டஈடு போனது போகட்டும். வேலை இல்லாத இடத்தில் போய் நின்று செத்தவள் என்று தங்கைக்குப் பெயர் வந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே அம்மா படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து என் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. இதை உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்த வருஷம் நான் பார்க்க வேண்டிய வீடுகளில் அவளுடையதும் வந்தது. போவதற்கு முன் அவள் மனுவைப் படித்தேன். புருஷன் சுடலைராஜ், புதூர் ஆள், லோடு வண்டி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு அவள் மேல் மண்ணெண்ணெயை ஊற்றியிருக்கிறான். அக்கம்பக்கத்தார் தீப்பெட்டியைப் பிடுங்கியிருக்கிறார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்துவிட்டாள். போலீஸில் கொடுத்த புகாரின் நகலை மனுவோடு வைத்திருந்தாள். தான் இருக்கிற இடம் அவருக்குத் தெரியக் கூடாது என்று தனியாகவும் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். அவன் போன் நம்பர் அந்தப் புகாரில்தான் இருந்தது.

நான் போனபோது அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. கொடியில் ஒரு ஆண் சட்டை கிடந்தது.

"இது யாருது?" என்றேன்.

"எதுத்த வீட்டு அமீனாக்கா குடுத்தது மேடம். ஆம்பளை இல்லாத வீடுன்னு வெளியில தெரிய வேண்டாம்னு போட்டிருக்கேன்."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக் கொடியிலும் அப்படி ஒரு சட்டை கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நனைத்துப் போடுவேன்.

இனி நான் கேட்ட கேள்வி. அந்தக் குடியிருப்பில் வாடகை வாங்க வருகிற கடற்கரை அண்ணாச்சியை எல்லோரும் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீடு அவருடையது இல்லை, சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. புருஷனுக்கும் அதே வார்த்தைதான். முதலில் வாடகை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். அந்தச் சூட்டோடு, "வீட்டுக்காரர் வருவாரா?" என்றேன்.

"வருவாரு மேடம். மாசம் பொறந்தா முதல் வாரம் வந்துருவாரு."

நான் எழுதினேன்: கணவர் மாதந்தோறும் வந்து தங்குவதாகக் குடியிருப்பவரே ஒப்புக்கொண்டார், வீட்டில் ஆண் உடை காணப்பட்டது, கணவரின் வருமானம் மறைக்கப்பட்டுள்ளது. அவள் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். இருந்தவளை இல்லை என்று சொன்னவள் அவள். இல்லாதவனை இருக்கிறான் என்று நான் எழுதினேன். அம்மா செத்த பிறகு என் மனசு ஆறியது அன்றைக்குத்தான்.

வெளியே செருப்பு மாட்டும்போது எதிர்வீட்டு அமீனா பீவி கதவைத் திறந்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரித்தேன்.

"அங்கன ஆம்பளை யாரும் கிடையாதும்மா. அது எங்க மவன் சபியுல்லா சட்டை. பாவம், பயந்துக்கிட்டே கெடக்கா. எதும் எழுதிப் போட்றாதிய," என்றார்.

எழுத மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடியே அவர் சொன்னதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

குடும்பத்தில் ஒருவருடைய வருமானம் மறைக்கப்பட்டிருந்தால் அவருக்குத் தகவல் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். இதுவும் விதிதான், நான் உண்டாக்கியது இல்லை. சுடலைராஜுக்குப் போன் போட்டேன்.

"சுடலைராஜ் அண்ணாச்சிங்களா? உங்க சம்சாரம் பேருல இங்கன ஒரு வீடு இருக்கு. உங்க சம்பளச் சான்று வேணும்," என்றேன்.

மரியாதையாகத்தான் பேசினான்.

"எந்த வீடு மேடம்?"

சொன்னேன். எந்த மாடி, படி ஏறினால் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் லீவு, அவள் வீட்டில்தான் இருப்பாள் என்றேன். அவன் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. வெளியூரிலிருந்து வருகிறவர் வீண் அலைச்சல் அலைய வேண்டாம் என்று சொன்னதாக முதலில் உங்களிடம் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டதையும் பிறகு நடந்ததையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை அமீனா பீவி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்ததால் பிழைத்தது. அதில் எனக்கும் ஆறுதல்தான், பிள்ளையோடு எனக்கு என்ன பகை. சுகுணா செத்த செய்தி தெரிந்த அன்று சாயங்காலம் கடம்பூர் போளி வாங்கி அம்மா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். சுடலைராஜைத் தூக்கில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவன் கெட்டவன்.

கடைசியாக ஒரு திருத்தம். தங்கைக்கு நியாயம் கேட்டுத்தான் இதைச் செய்தேன், சுகுணா ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன் என்று நேற்று உங்களிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அதைச் சேர்க்க வேண்டாம்.

அன்று வீட்டில், அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பித் தரும்போது சுகுணா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே வந்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டதாம், பேசத்தான் நாக்கு எழவில்லையாம்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய்க்கா. அப்படிச் சொல்லலைன்னா வேலை கிடையாதுன்னாவ. கைப்பிள்ளைக்காரி, பயந்துட்டேன். இப்ப எங்க வேணாலும் வந்து உண்மையச் சொல்லுதேன். எழுதியும் தாரேன். இசக்கிக்கு அதையாவது செய்யுதேன்க்கா," என்றாள்.

அழுதாள். அது நடிப்பில்லை. பொய்யைக் கண்டுபிடிப்பது என் தொழில், எனக்குத் தெரியாதா. இத்தனை வருஷமாகத் தங்கைக்காக நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். அவள் கையெழுத்துப் போட்ட தாள் என் கையில்தான் இருந்தது, கிழித்துப் போட்டிருக்கலாம். சரி சுகுணா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அதற்குப் பிறகுதான் போன் போட்டேன்.