ஏழு தடவை அடித்த ஃபோன்

மராத்தி பேசும் ஊரில், கட்கி பஜாரில் பஸ் ஏறியதும், முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் தமிழில் சொன்னது காதில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை எங்க வூட்டுக்காரரு ஃபோன் பண்ணா நான் எடுக்கவே மாட்டேன்க்கா."

"ஏன்டி, சண்டையா?"

"அய்யே, அதெல்லாம் இல்ல. மஸ்கட்லேர்ந்து பேசுனா நிமிஷத்துக்கு அம்பது ரூபா ஆவுதாம். ரெண்டு ரிங் அடிச்சு வெச்சிட்டா நல்லா இருக்காரு. மூணு அடிச்சா பணம் அனுப்பிட்டாரு. எடுக்கலன்னா காசே ஆவாது."

"நீ இங்கேர்ந்து பண்ணேன்."

"வூட்டு ஃபோன்லேர்ந்து வெளிநாடு போவாது. பூத்துல அதவிட ஜாஸ்தி."

"துபாய்ல எங்க தம்பி கார்டு போட்டுப் பேசறான். அது சஸ்தாவாம், காசு கம்மி."

"அவரு இருக்கற எடத்துல அது கிடைக்கலயாம்க்கா."

இளையவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ஏழு அடிச்சுது."

"ஏழுன்னா இன்னா?"

"ஏழுக்கு நாங்க ஒண்ணும் பேசி வெக்கல."

"ஐயோ, ஒடம்பு கிடம்பு சரியில்லயோ என்னமோ!"

"இல்லக்கா. ஒடனே மறுபடி ரெண்டு அடிச்சாரு. நல்லாத்தான் இருக்காரு."

"அந்த ஏழுலயாவது எடுத்திருக்கலாமில்ல?"

"எடுத்தா காசு ஆவுமே. ஃபோன் மேல கைய வெச்சுக்கினு நின்னேன். அங்க அவரும் அதே மணியத்தான கேட்டுக்கினு நின்னிருப்பாரு."