பாலைமலையில் வெறுங்கால்

– "…ஆகவே அன்பர்களே, மனிதன் தன் சொந்தப் பாதங்களால் நடக்காத வரையில் எந்த மலையும் அவனுக்கு முகம் காட்டுவதில்லை." இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துவேன், கை தட்டுவாங்க. எப்படி இருக்கு ரமணா?

– நல்லா இருக்குங்க மொதலாளி சயா. அந்தத் தலகாணியை மட்டும் என் காலுக்கு அடியில கொஞ்சம் தள்ளி விடுங்க. கட்டு ஒரசுது.

– இப்படியா?

– அது எடது காலு. வெந்தது வலது.

– மன்னிச்சுக்க. அதாவது, ஞாயித்துக்கிழமை நம்ம கோயில் மண்டபத்துல பேசறேன். தலைப்பு, 'பாலைமலைகளில் ஒரு தனிப் பயணி'. லடாக்கைக் கண்ட முதல் ரங்கூன் தமிழர் சொக்கன் அவர்கள்னு செயலாளர் அறிமுகம் பண்ணுவாரு.

– முதல் ஆளுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

– நான்தான் எழுதிக் குடுத்தேன்.

– சரிதான். இருபத்திரண்டு வருசமா ஒங்க கடையில பெயிண்டு டப்பா எறக்குறவன் நான். எங்கிட்டப் படிச்சுக் காட்டவா பபேடான்லேருந்து இன்சீனுக்கு வந்தீங்க?

– ஒன்னைப் பார்க்கத்தான் வந்தேன். கையில காகிதம் இருந்துச்சு, படிச்சேன்.

– நீங்க ஊரு திரும்பி பதினொரு நாளாச்சுன்னு எங்க வீட்டுக்காரி மீனம்மாள் சொன்னா. இதுவரைக்கும் ரயிலு ஓடலீங்களா?

– ஓடுச்சு. போன வாரமே ஏறினேன். இன்சீன் ஸ்டேஷன் வந்துச்சு. கதவுகிட்ட வரைக்கும் வந்தேன். எறங்கல.

– அப்பறம்?

– வட்ட ரயில்தானே. உக்காந்தே இருந்தேன். ஊரைச் சுத்திக் கொண்டாந்து மறுபடி ஏறின எடத்துலயே விட்டுடுச்சு.

– மூணு மணி நேரம்.

– மூணே கால்.

– அதையும் பேச்சுல சேத்துக்குங்க. அதுவும் தனிப் பயணம்தானே.

– குத்திக் காட்டு. ஒனக்கு உரிமை இருக்கு. இந்தா, இந்தப் போட்டோவைப் பாரு. திரையில மொதல்ல வர்றது இதுதான்.

– பேஸ்புக்குல பார்த்தேன். ஆஸ்பத்திரியில கட்டுப் போடறப்ப மீனம்மாள் காட்டினா. மணலு மேல ரெண்டு வெறுங்காலு. "என் பாதங்கள் தேடிய மண்"னு எழுதியிருந்தீங்க. கீழ நூறு பேரு கும்பிட்டிருந்தாங்க.

– நூத்து நாப்பது. ரமணா, அதை நம்ம ஊரு நேரத்துக்கு நாலரை மணிக்குப் போட்டேன்.

– தெரியும். நாலரைக்குத்தான் நான் பூக்குழியில எறங்குனேன்.

– மணல் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. காலு வெறைச்சே போச்சு.

– எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. சும்மா சொன்னேன் சயா. மொகத்தைத் தொங்கப் போடாதீங்க. அந்த மணலு எங்க இருக்கு? மலைக்கு அந்தப் பக்கமா? ரெண்டு திமிலு ஒட்டகம் இருக்கும்னு சொன்னீங்களே.

– ஒட்டகத்தைப் பார்க்கல.

– ஏன்?

– கணவாய் தாண்டிப் போக என் பாஸ்போர்ட்டுக்குப் பர்மிட் கெடைக்கல. லே ஊரோட நின்னுட்டேன்.

– அப்ப மணலு?

– நான் தங்கின விடுதிக்குப் பின்னால ஒரு ரூம் கட்டிக்கிட்டிருந்தாங்க. அதுக்குக் கொட்டி வச்சிருந்தாங்க. சிமெண்டு மூட்டை தெரியாம சாய்ச்சு எடுத்தேன்.

– அதான் மணலு அவ்வளவு சுத்தமா சலிச்சாப்புல இருந்துச்சா. சிரிச்சா கட்டு இழுக்குது சயா, இப்படியெல்லாம் சொல்லாதீங்க.

– சிரி. அங்க நான் கண்டது ரெண்டு சன்னலு. ஒண்ணுல மொட்டை மலை. புல்லு கெடையாது, பூண்டு கெடையாது, காஞ்ச ரொட்டி மாதிரி ஒரு மலை. இன்னொண்ணுல சமையக்கட்டு. மூணு நாளு மூச்சு முட்டிக் கட்டிலோட கெடந்தேன். மூக்குல குழாய். கொரோனாவுல முட்டுச்சே, அச்சு அசல் அதே மாதிரி.

– அன்னிக்கு ஒங்களுக்காக ஆக்சிஜன் சிலிண்டருக்கு ராவெல்லாம் வரிசையில நின்னேன்.

– நீதான் நின்னே. நான் கட்டில்ல கெடந்து வேண்டிக்கிட்டேன். பொழைச்சு எழுந்தா அம்மனுக்குத் தீ மிதிக்கறேன்னு. பொழைச்சேன். அடுத்த வருசம் முட்டி வலி. அதுக்கடுத்த வருசம் கடை வேலை. இந்த வருசம் எப்படியாவது செஞ்சுடணும்னு இருந்தேன். பார்த்தா சித்திரைத் திருவிழாவும் லடாக் டிக்கெட்டும் ஒரே வாரத்துல வந்து நிக்குது.

– டிக்கெட்டை மாத்த முடியாது, அம்மனை மாத்திக்கலாம்னு நெனச்சீங்க.

– ஆளை மாத்திக்கலாம்னு நெனச்சேன். எனக்குப் பதிலா ஒன் கையில காப்புக் கட்டிக்கச் சொன்னேன். நீயும் சரின்னுட்டே. ஏன் சரின்னே?

– மொதலாளி சொன்னா வேற என்ன சொல்றது?

– பாரு, அந்த வார்த்தைதான் அங்க என்னைத் தூங்க விடல. நீ குழியில விழுந்துட்டதா போன்ல சொன்னாங்க. சன்னல்ல அந்த மலை நிக்குது. ஒரு ஆளு கெடையாது, பேச்சு கெடையாது. இதுக்குத்தானே வந்தோம், தனிமை வேணும்னு. கெடைச்சுது. தாங்க முடியல.

– இது பேச்சுல இருக்கா?

– இல்ல.

– இதுதான் நல்லா இருக்கு.

– அதை விடு. கோயில்ல என்ன பேசிக்கறாங்கன்னு உண்மையைச் சொல்லு.

– வேற என்ன? குழியில விழுந்தவன் விரதத்தைக் கெடுத்தவன். காப்போட ஙாப்பி மீன் விழுது தின்னேன்னு ஒருத்தரு, தண்ணியடிச்சேன்னு ஒருத்தரு. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே தீர்ப்பு எழுதி முடிச்சுட்டாங்க.

– ஒன் பொண்ணு ஜெயகுமாரி சம்பந்தம்?

– நின்னு போச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்லேருந்து மாப்பிள்ளையோட அம்மா ராதாம்மா போன் பண்ணாங்க. "அம்மனே மொகம் திருப்பின வீட்டுல பொண்ணு எடுக்கப் பயமா இருக்கு"ன்னாங்க. பொண்ணு நாலு நாளா பின்னாடி ரூமைவிட்டு வெளிய வரல.

– அவன் நல்ல பையன்னு சொன்னியே.

– நல்ல பையன்தான். அம்மா பேச்சைக் கேக்கற பையன்.

– நான் ஒண்ணு செய்யறேன். ஞாயித்துக்கிழமை பேச்சுல ஒரு வரி சேக்கறேன். தவறி விழுதல் மனித இயல்பு, அதில் குற்றம் காணலாகாது அப்படின்னு, பொதுவா.

– கை தட்டலுக்கு முன்னாலயா, பின்னாலயா?

– வேற என்ன செய்யச் சொல்றே? காப்பு என்னோடது, வேண்டுதல் என்னோடதுன்னு சொன்னா என்ன ஆவும் தெரியுமா? அடுத்த மாசம் தலைவர் பதவிக்கு என் பேரைத்தான் சொல்லியிருக்காங்க. அம்மனுக்கு ஆள் அனுப்பிட்டு ஊரு சுத்தப் போனவன்னு சிரிப்பாங்க.

– சொல்லாதீங்க. சொல்லச் சொல்லி நான் கேட்டேனா?

– கேக்கலியே.

– கேக்க மாட்டேன். கெய்சா மஷிபு சயா, ஒண்ணும் இல்ல, விடுங்க. காலு ஆறிடும். இன்னொரு மாப்பிள்ளை வருவான்.

– நீ கேக்காததுதான் என்னை அரிக்குது. ஒரு தடவை திட்டு. ஒன்னாலதான்யா என் பொண்ணு அழுவுதுன்னு சொல்லு. எனக்கு எந்திரிச்சுப் போக ஒரு சாக்காவது கெடைக்கும்.

– திட்டுறதுக்கு என்ன இருக்கு? நீங்க வீட்டுக்குப் போங்க.

– அந்த அம்மா நம்பரைக் குடு.

– வேணாம் சயா.

– குடுன்னா குடு.

– யோசிச்சுக்குங்க. அந்த அம்மா வாயில விழுந்தா ஊரு பூரா விழுந்த மாதிரி.

– ஒன் போனைத் தள்ளு இப்படி. ஹலோ, ராதாம்மாங்களா? வணக்கம்மா. நான் பபேடான் பெயிண்டுக் கடை சொக்கன். ஆமா, கோயில் கமிட்டி சொக்கன்தான். ஆமாம்மா, மலைக்குப் போயிட்டு வந்தவன்தான். படம் பார்த்தீங்களா, சந்தோஷம். இல்லம்மா, அதைச் சொல்லக் கூப்பிடல. ரமணன் விசயமா. அன்னிக்குத் தீ மிதிச்சது அவன் வேண்டுதல் இல்லம்மா. என்னோடது. நான் பொழைச்சதுக்கு நான் எறங்கியிருக்கணும். காப்பை அவன் கையில கட்டிட்டு நான் ஊரு பார்க்கப் போயிட்டேன். ஙாப்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல. குத்தம் இருந்தா எம்மேலதான். ஆமாம்மா. நீங்க சொல்றது நியாயம். அதுவும் நியாயம். பன்னின்னும் சொல்லலாம், சரிம்மா. சரிங்க, வைக்கறேன்.

– என்ன சொன்னாங்க?

– என்னைச் சொன்னதை விடு. "அப்ப அந்த மனுசன் மேல தப்பே இல்லியே, அடுத்தவருக்காகக் காலைச் சுட்டுக்கிட்ட வீட்டுலேருந்து பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்"னாங்க. வெள்ளிக்கிழமை தட்டோட வர்றாங்களாம்.

– வெள்ளிக்கிழமையேவா?

– சாயங்காலத்துக்குள்ள சேதி பாலம் தாண்டி ரங்கூனுக்கு வந்துடும். தலைவர் பதவி போச்சு. மண்டபத்துல ஆளு வந்தா சிரிக்கத்தான் வருவாங்க. ஆனா ரமணா, நெஞ்சுல ஒரு லேசு. மூக்குக் குழாயைக் கழட்டின மாதிரி. தத்துவமா பார்த்தா, இப்பத்தான் நான் அந்தக் கணவாயைத் தாண்டியிருக்கேன். பேச்சையே மாத்தி எழுதிடலாம்னு பார்க்கறேன். "குற்ற உணர்வு என்னும் கொடுமுடி"... ஏன் அழுவறே?

– அழுவல.

– ஆனந்தக் கண்ணீரு. அழு, அழு.

– அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க சயா. ஜெயகுமாரி காதுல விழக் கூடாது.

– சாத்திட்டேன். சொல்லு.

– நீங்க போனைக் கையில எடுத்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பொண்ணு மொகம் நெனப்புக்கு வந்துச்சு, முழுங்கிட்டேன்.

– என்னத்தை?

– காப்புக் கட்டறப்ப யாரு வேண்டுதல்னு பூசாரி காதோட கேட்டாரு. அம்மனுக்கு முன்னால நிக்கறது வாழ்க்கையில ஒரு தடவை. காலு என்னோடது. கேக்கறதும் என்னோடதா இருக்கட்டுமேன்னு தோணிடுச்சு. ஒங்க பேரை நான் சொல்லவே இல்ல சயா, எம் பொண்ணு கல்யாணம் நடக்கணும்னுதான் சொன்னேன். அதனால, அடுத்த சித்திரைக்கு நீங்க எங்கயும் டிக்கெட் போட்டுடாதீங்க.