எலுமிச்சையும் மரச்சுருளும் மணந்த கால்கள்

இந்த வாழ்த்தரங்கின் தலைமை நாற்காலிக்குத் தன் நரைத்த மீசையால் அழகு சேர்த்து அமர்ந்திருக்கும், உப்பளத் தொழிலாளர்களின் உள்ளம் கவர்ந்த பெரியவர் காசிலிங்கம் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி முடித்துவிட்டு, இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் பேச்சாளப் பெருமக்களே! வெள்ளை வெள்ளையாய் உப்பைக் குவித்துவிட்டு, வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருக்கும் மரக்காணத்துப் பெரியோர்களே! மடியில் குழந்தையும் கையில் கூஜாவுமாகக் கிளியனூரிலிருந்து பஸ் ஏறி வந்த என் ஊர்த் தாய்மார்களே! மாலை கனக்க அமர்ந்திருக்கும் என் அக்கா வசந்தா அவர்களே! இன்று காலை முதல் எனக்கு மாமாவாகிவிட்ட கன்னியப்பன் அவர்களே! பத்தாம் வகுப்பு மாணவி சாமுண்டீஸ்வரியின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்.

என்ன? கேட்கவில்லையா? மைக் எனக்கு எட்டவில்லை ஐயா, கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். நன்றி. இனி என் குரலோடு என் நடுக்கமும் சேர்ந்தே கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சை, வீடு தூங்கிய பிறகு விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு ஒளித்து ஒளித்து எழுதினேன். அதோ, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாரே, என் அப்பா தெய்வசிகாமணி, அவருக்கு இந்த நொடிவரை தெரியாது. அப்பா, எழுந்துவிடாதீர்கள். முடிக்கும்வரை உட்காருங்கள். பிறகு திட்டுங்கள்.

முன்னால் பேசியவர்கள் வீரத்தைப் பற்றிப் பேசினார்கள். விருந்தோம்பலைப் பற்றிப் பேசினார்கள். நான் பேச வந்தது ஒரு சென்ட்டு பாட்டிலைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். ஆனால் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, பார்த்தீர்களா? மாமாவின் தோழர் மண்ணாங்கட்டி அண்ணன்! பந்தக்காலுக்குப் பின்னால் போய் நிற்கிறார். அண்ணே, பந்தக்கால் மெலிந்தது, நீங்கள் மெலிந்தவர் இல்லை. முன்னால் வாருங்கள்!

பாண்டிச்சேரியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை செய்பவர் அவர். நண்பன் பெண் பார்க்கப் போகிறான் என்றதும், ஆண்கள் போட்டுக்கொள்ளும் சென்ட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆகா, அது என்ன வாசனை! பச்சை எலுமிச்சம்பழத்தின் தோலை நகத்தால் கிள்ளினால் மூக்குக்குள் சுரீர் என்று ஏறுமே, முதலில் அது. அது அடங்கியதும், தச்சர் இழைக்கும்போது சுருள் சுருளாய் விழும் மரத்தின் வாசனை. குளித்துவிட்டு வந்து புது நாற்காலியில் உட்கார்ந்தது போல ஒரு குளிர்ச்சி, ஒரு கம்பீரம்!

"இன்னாடா பண்றது இத?" என்று கேட்டாராம் மாமா.

"ஒடம்புல பூசிக்கடா. வூட்டுக்குள்ள கால வைக்கறதுக்கு முன்னாடி பூசு. அப்பத்தான் வாசன நிக்கும்" என்றாராம் அண்ணன்.

கிளியனூர்த் தாய்மார்களே, இதில் என்ன தவறு நடக்க முடியும் என்று நினைக்கிறீர்கள். மரக்காணத்துக்காரர்களோ இப்போதே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். ஏன் தெரியுமா? இந்த ஊர் மனிதர் உப்புப் பாத்திக்குள் இறங்கும் முன் பாட்டிலைத் திறந்தால், அதில் இருப்பது எண்ணெய். அதை முதலில் பூசுவது எங்கே? காலில்! எண்ணெய் பூசாமல் இறங்கினால் உப்புத் தண்ணீர் தோலைத் தின்றுவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய கை அது. எங்கள் தெருமுனையில் மாமா பாட்டிலைத் திறந்தார். குனிந்தார். உள்ளங்காலில் ஊற்றினார். குதிகால் வெடிப்பில் நன்றாகத் தேய்த்தார்!

ஐயோ, என்கிறீர்கள். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் உரக்க.

நெருப்பை மிதித்தவர் போல நொண்டி நொண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார் மாப்பிள்ளை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது யார்? எங்கள் கமலாம்பாள் அத்தை. அப்பாவின் அக்கா. அப்பா வயலில் எந்த நெல் விதைப்பது என்பதைக்கூட அவரிடம் கேட்காமல் முடிவு செய்யமாட்டார். அத்தை, கும்பிடுகிறேன். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனது நான். தண்ணீர் பட்டதும் அந்தக் கால்களிலிருந்து கிளம்பியது பாருங்கள் வாசனை! எலுமிச்சை! மரச்சுருள்! எனக்குத் தலை சுற்றியது.

"ஏன் கால்ல சென்ட்டு போட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊர்ல கால்லதாம்மா மொதல்ல பூசுவோம். இதுவும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். தீயா எரியுது" என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். அக்கா காபி கொண்டுவந்தாள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் என்ன கேட்டார்கள்? சமைக்கத் தெரியுமா? பாடத் தெரியுமா? கோலம் போடத் தெரியுமா? இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடல் காத்து ஒத்துக்குமாங்க ஒங்களுக்கு? வெயிலும் ஜாஸ்தி. பிடிக்கலன்னா சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்கமாட்டேன்." அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். இந்த மனிதரைத்தான் அவள் மனம் கேட்கிறது என்று அந்தப் பிடி எனக்குச் சொன்னது.

மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டுப் போனதும் அத்தை ஆரம்பித்தார். "ஏண்டா தெய்வசிகாமணி, நொண்டிக்குக் குடுக்கறதுக்கா பொண்ண வளத்த?"

"போறப்ப நேராத்தானேக்கா நடந்தாரு?"

"அது நமக்காக நடந்து காட்டுறது. வரும்போது பாத்தேனே! வேணாம்னு சொல்லி அனுப்பிடு."

அப்பா தலையாட்டினார். முடிந்துவிட்டது. அக்கா அடுப்பு முன்னால் அசையாமல் நின்றாள். ஊதுகுழலைக் கையில் வைத்திருந்தாள், ஊதவில்லை.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பெண்பிள்ளைகள் வாய் திறக்கும் வழக்கம் இல்லை. நான் பேசாவிட்டால் யார் பேசுவார்? அந்த மனிதர் வெட்கத்தில் சொல்லமாட்டார். அக்கா பயத்தில் சொல்லமாட்டாள். கண்ணால் கண்டவள் நான் ஒருத்தி. நானும் ஊமையாய் நிற்கலாமா? நின்றால் அடுப்பு முன்னால் நிற்கும் அந்த முகத்தை நாளைக்கு நான் எப்படிப் பார்ப்பேன்?

"அவருக்குக் காலு நல்லாத்தாம்பா இருக்குது. வெடிப்புல சென்ட்டு பூசிக்கினாரு. அதான் எரிஞ்சிது."

"கால்ல சென்ட்டு பூசுவாங்களாடி எங்கனா?" அத்தை கைதட்டிச் சிரித்தார். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு!"

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் விடியும் முன் யாரிடமும் சொல்லாமல் மரக்காணத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

உப்பளத்து வரப்பில் என் அப்பா என்ன கண்டார்? வரிசையாக ஆண்கள், வரிசையாகப் பெண்கள். உட்கார்ந்து எண்ணெய் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் காலில் பூசிக்கொள்வதைக் கண்டார். அந்த வரிசையில் கன்னியப்பனையும் கண்டார். பிறகு என் அப்பா என்ன செய்தார் தெரியுமா? சேற்றிலேயே பிறந்த கால் என்று பெருமை பேசும் அந்த உழவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எண்ணெய் இல்லாமலே பாத்திக்குள் இறங்கினார்!

"மாமா, வேணாம் மாமா! மேல ஏறுங்க!" என்று கன்னியப்பன் மாமா ஓடிவந்து கையைப் பிடித்தாராம்.

திரும்பி வந்த அப்பா காலைச் சொம்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "கொஞ்ச நேரம் நின்னதுக்கே எனக்கு இப்படி எரியுதுக்கா. தெனமும் அதுல நிக்கறவங்க, எரியுதுன்னு வாயத் தொறக்கறதில்ல." அத்தை உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, தம்பியின் காலடியில் வைத்தார்.

பெரியோர்களே! தாய்மார்களே! இன்று பந்தியில் சாம்பார் சாப்பிட்டீர்களே, அதன் உப்பில் இருந்தது யாருடைய கால்? ரசம் கேட்டு வாங்கினீர்களே, அதில் இருந்தது யாருடைய கால்? ஊறுகாயில், மோரில், குழந்தைக்குப் பிசைந்து ஊட்டிய ஒரு பிடி சோற்றில்? வெடித்த கால்கள்! வெயிலில் வெந்த கால்கள்! நமக்கு ருசி வர வேண்டும் என்று தங்களுக்கு எரிச்சலை வாங்கிக்கொண்ட கால்கள்! பாண்டிச்சேரிக் கடையில் ஆயிரம் வாசனை இருக்கலாம். நறுமணம் பூசிக்கொள்ளும் தகுதி இந்த உலகத்தில் முதலில் எதற்கு உண்டு? முகத்துக்கா? சட்டைக்கா? இல்லை ஐயா, இந்தக் கால்களுக்கு! மாமா தவறான இடத்தில் பூசவில்லை. தகுதியான இடத்தில்தான் பூசினார்!

கைதட்டலுக்கு நன்றி. அக்கா, தலை நிமிர். அன்றைக்கு அப்பா உன்னிடம் "நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டபோது நீ சொன்னதை இங்கே சொல்லட்டுமா? வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறாள். சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "எரியிற காலோட வந்தும், எனக்கு ஒத்துக்குமான்னுதாம்பா கேட்டாரு."

ஒரு கடைசி வேலை பாக்கி இருக்கிறது. என் பாவாடை மடிப்பில் இரண்டு பாட்டில்கள். ஒன்று, அன்றைக்கு மாமா எங்கள் வாசலில் மறந்துவிட்டுப் போன சென்ட்டு. அக்கா மூடியைக்கூடத் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்தாள். இன்னொன்று தேங்காய் எண்ணெய். மாமா, சென்ட்டைச் சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைக் காலுக்கு. பூசி விடுவதற்கு அக்கா வருகிறாள்.

அட, யார் மேடை ஏறி வருவது? அப்பா! திட்டத்தான் வருகிறீர்களா? இல்லை, சென்ட்டு பாட்டிலைக் கேட்கிறார். மூடியைத் திறக்கிறார். மாமாவின் சட்டையில் ஒரு சொட்டு... தன் தோள் துண்டிலும் ஒரு சொட்டு! முன் வரிசைக்கு வாசனை வருகிறதா? பின் வரிசைக்கும் வரும், காற்று கடலிலிருந்துதான் வீசுகிறது.

பேச இடம் தந்த தலைவர் ஐயாவுக்கும், சிரித்துச் சிரித்தே என் பயத்தைக் கரைத்த உங்களுக்கும் நன்றி. மணமக்கள் நலமாய், நிறைவாய், நெடுங்காலம் வாழ்க! வணக்கம்.