வீட்டுக்காரர் சொன்ன பதில்கள்

"உன் சர்வேல பொம்பளைங்களே இல்லடி" என்று ஒருத்தி சொன்னதும் செய்தித்தாளை மடித்தேன். தொண்ணூறுகளில், தாம்பரத்தில் பொழிச்சலூர் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு சமூகவியல் மாணவிகள்.

"வேலைக்குப் போற பொண்ணுங்களப் பத்தித்தானே ஆய்வு? எல்லாத்துலயும் வீட்டுக்காரர் பதில்தான் இருக்கு."

"நான் என்னடி பண்றது? வேலைக்குப் போறது பிடிச்சிருக்கான்னு ஒரு அக்காவக் கேட்டா, அவங்க வீட்டுக்காரர் சேரை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறார். 'அவளுக்குச் சொல்லத் தெரியாது, நான் சொல்றேன்'ங்கறார். அக்கா காபி போட உள்ள போயிடறாங்க."

"அப்ப காபி குடிச்சதுதான் உன் ஃபீல்டு ஒர்க். சார் தூக்கிப் போட்டுடுவார்."

"அதான் மெத்தட மாத்திட்டேன். இனிமே வீட்டுக்குப் போகப்போறதில்ல. காலைல தண்ணி லாரி வரிசைல கேப்பேன். அங்க ஆம்பளைங்க வரமாட்டாங்க."

"நீயும் குடத்தோடவா?"

"பின்ன? வெறுங்கையோட போனா யாரு பேசுவா?"

பேருந்து வந்தது. அவர்கள் ஏறிவிட்டார்கள், நான் ஏறவில்லை.

என் மனைவியும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். யார் வந்து அவளை எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். அவள் இறந்து அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலைக்குப் போவது அவளுக்குப் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.