பன்னிரண்டு மணிக்குப் பூத்த சென்ட்

2005 கோடை. மரக்காணத்திலிருந்து பாண்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும். அக்காவுக்குக் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வேலை, தங்கைக்கு உப்பளத்தில்.

“நீ குடுத்த சென்ட்டு காலைல வார்னிஷ், மத்தியானம் பூவு, அக்கா,” என்றாள் தங்கை.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“கெட்டுப்போச்சாடி? கெஸ்ட் ஹவுஸ்ல அத்தக் குடுத்த வெள்ளைக்காரம்மாவோட அம்மா வச்சிருந்தது, ரொம்பப் பழசு.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். கழுத்துல ரெண்டு சொட்டு வச்சதும் வார்னிஷ் நாத்தம். என் ஓரகத்தி மூக்கைப் பொத்திக்கினு, ‘உப்பு செமக்கறவளுக்கு சென்ட்டு ஒரு கேடா’ன்னா. அவளும் என்கூட உப்பு செமக்கறவதான். நான் கழுவவே இல்ல, அப்படியே வேலைக்குப் போயிட்டேன்.”

“அந்த வெயில்லயா?”

“வெயில்லதான்க்கா விசயமே! வேர்க்க வேர்க்க மல்லியும் ரோசாவுமா கெளம்புது. பன்னெண்டு மணிக்கு உப்புக் கூடையோட வரப்புல வரிசையா போறோம், எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. எனக்குப் பின்னால வந்த ஓரகத்தி, ‘எவடி பூ வச்சிக்கினு வந்தவ, எனக்கும் கொஞ்சம் கிள்ளிக் குடுடி’ன்னு கத்தறா.”

“எத்தினி நேரம் இருந்துது?”

“சாயந்தரம் குளிச்சும் போகல.”

“அத்த வுடு. அவகிட்ட என்ன சொன்ன?”

“கூடைய எறக்கி வச்சேன். முந்தானைய ஒதுக்கி, கழுத்தைக் காட்டினேன்.”

“அவ?”

“மோந்தா.”

அனுமந்தையில் பஸ் நின்று கிளம்பியது.

“ரெண்டு தரம் மோந்தாக்கா.”