இஞ்சினுக்கு மாளிகை கட்டிய ஹால்ஸ்டெட்

மேடையில் வீற்றிருக்கும் ஆலை முதலாளிகளே, கட்டடக் கலைஞர் சங்கப் பெரியோரே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் பஞ்சைச் சிக்கெடுக்கும் என் கார்டிங் பிரிவுத் தோழிகளே! செலைனா கிராப்ட்ரி பேசுகிறேன். மறைந்தவரைப் பற்றித் தொழிலாளர் சார்பில் நாலு நல்ல வார்த்தை சொல்ல அழைத்தீர்கள். நாலு வார்த்தை சொல்கிறேன். நல்லதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சர் எட்வின் ஹால்ஸ்டெட்! இந்த ஓல்டாமில் முப்பத்தொரு நூற்பாலைகளைக் கட்டிய மேதை! யாருக்காகக் கட்டினார்? எங்கள் பெரில் ஆலையின் இஞ்சின் அறையைப் பார்த்திருக்கிறீர்களா? சுவரெல்லாம் பச்சை ஓடு, வண்ணக் கண்ணாடி ஜன்னல், பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி. இஞ்சினுக்கு முதலாளி மனைவியின் பெயர் வேறு! நாங்கள் நானூறு பெண்கள் யந்திரங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, டீயில் மிதக்கும் பஞ்சை ஊதி ஊதிக் குடிக்கிறோம்.

ஆலைத் திறப்பு விழாவன்றே அவரிடம் கேட்டேன்: "ஐயா, நாங்க உக்காந்து சாப்பிட ஒரு ரூம் கட்டக் கூடாதா?"

"தூசி பட்டா இஞ்சின் கெட்டுப்போயிடும்மா. உங்களுக்குப் பழகிடும்."

பக்கத்தில் நின்ற என் தோழி அடா விட்டம் சும்மா இருப்பாளா? "அப்ப என்னையும் இஞ்சின்னு எழுதிக்கங்கய்யா. எனக்கும் பேரு ஏற்கெனவே வெச்சாச்சு!"

அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அடாவுக்குப் பழகவில்லை. போன ஜனவரியில் இருமி இருமியே செத்தாள். அவளுக்கு யார் மேடை போட்டீர்கள்?

தலைவர் மணியைத் தொடுகிறார். அடியுங்கள் ஐயா, தினமும் ஆலைச் சங்கைக் கேட்கிற காது இது!

அறியாமல் செய்துவிட்டார் என்றுதான் இன்று காலைவரை நினைத்தேன். மன்னிக்கவும் தயாராக இருந்தேன். அவர் உருவப்படத்துக்குப் பக்கத்தில், புது ஆலைக்கு அவர் கடைசியாக வரைந்த கட்டட வரைபடத்தை மாட்டியிருக்கிறீர்களே, கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? முற்றத்தை ஒட்டி ஓர் அறையை வரைந்து, ரப்பரால் அழித்திருக்கிறார். 'பெண்கள் உணவு அறை' என்ற எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது. ஓரத்தில் அவரே எழுதியிருக்கிறார்: 'இஞ்சின் அறை முகப்புக்கு இடம் தேவை.'

தெரிந்தே செய்திருக்கிறார்!

அவர் பணியைத் தொடர உறுதி கூறச் சொல்கிறீர்கள். கூறுகிறேன். திங்கட்கிழமை புது ஆலைக்கு அடிக்கல். அவர் அழித்த அறை எங்கே வருமோ, அங்கே வெட்டியிருக்கும் அஸ்திவாரக் குழியில் நானூறு பேரும் ரொட்டியோடு இறங்கி உட்காருவோம். அறையை வரைந்து காட்டுங்கள், எழுந்திருக்கிறோம். இல்லையென்றால் எங்கள் மேலேயே கட்டிக்கொள்ளுங்கள்!