சபாத்தா வீட்டு வாசல்கல்

நம்ம கரையில கலங்கரை விளக்கம் நிக்காத காலம். பரங்கிக் கப்பல் வந்து போன காலம். சங்கமுனைத் துறைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல கித்தேரியாள்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் சந்தியாகு முத்துக் குளிக்கிறவன். பத்துப் பாகம், பத்து ஆள் ஆழம் போவானாம், சிப்பி அள்ளுவானாம், சிரிச்சுக்கிட்டே மேல வருவானாம். தோணியில கயிறு புடிக்கிறது கித்தேரியாளோட தம்பி இன்னாசி. அக்கா புருசன் உசுரு மச்சினன் கையில. அதுதான் அந்தத் தொழில் வழக்கம்.

அந்த வருசம் குளிப்பை மேப்பாக்க ஒருத்தன் வந்தான். கப்பலு போர்த்துகீசுக்காரனுது, இவன் மட்டும் ஸ்பெயின்காரன். பேரு சபாத்தா. இப்ப அந்தப் பேரை வச்சிருக்கிறவங்கள்ல சில பேரு, "எங்க பாட்டன் ஸ்பெயின் ராஜாவுக்குச் சொந்தம்"னு மீசையை முறுக்குதாவ. ராஜாவாம் ராஜா! காத்துக்கு எதிரா எச்சி துப்பி, தன் தாடியிலேயே வாங்கிக்கிட்ட பய அவன்.

காலுல வெள்ளிக் கொக்கி வச்ச தோல் சப்பாத்து. ஈர மணல் அதுல படக் கூடாதாம். தோணியில ஏத்த நாலு பேரு தூக்கணும். "உப்பு மூட்டையாவது சும்மா இருக்கும், இது உதைக்குதுடா"ன்னு தூக்குனவங்க சொன்னாங்களாம்.

ஒரு நா காலையில கடல்ல சுறா நடமாட்டம். "போதும், எல்லாரும் ஏறுங்கலே"ன்னு தோணிக்காரர் சொல்லிட்டாரு. ஏறிட்டாங்க. சபாத்தாவுக்குப் பொறுக்கல. கயிறு சுருட்டிக்கிட்டிருந்த இன்னாசியை எட்டி உதைச்சான். இன்னாசி விலகுனான். சப்பாத்து கழண்டு, பறந்து, கடல்ல விழுந்துட்டு.

ஒருத்தரும் சிரிக்கல. ஆனா சிரிப்பை அடக்க அவங்க பட்ட பாட்டை அவன் பாத்துட்டான். துப்பாக்கியை எடுத்து இன்னாசி நெஞ்சுல வச்சு, போய் எடுன்னு கடலைக் காட்டுனான்.

சந்தியாகு எந்திரிச்சான். "அவனுக்குக் குளிக்கத் தெரியாது தொரை, நான் போறேன்." கயிறை இன்னாசி கையில குடுத்து, "மாப்ள, ரெண்டு தரம் அசைச்சா இழு"ன்னான்.

இறங்குனான். ரெண்டு தரம் அசைஞ்சுது. இன்னாசி இழுத்தான், இழுத்தான், இழுத்தான். சந்தியாகு வந்தான். கையில சப்பாத்து இருந்துச்சு. இடது கால் முட்டுக்குக் கீழ இல்ல.

இன்னாசி தலைப்பாகையைக் கிழிச்சுக் கட்டுறான், ரத்தம் நிக்கல. அந்நேரம் சபாத்தா என்ன செஞ்சான்? சப்பாத்தைப் பிடுங்கி, தண்ணியைக் கவுத்துட்டு, காலுல மாட்டுனானாம். கரை சேருறதுக்குள்ள சந்தியாகு போய்ச் சேந்துட்டான்.

கித்தேரியாள் அழலையாம். புருசன் கடைசியாப் புடிச்ச கயிறை மடியில வச்சுக்கிட்டு, அது காயுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாளாம்.

எட்டாம் நாள் சபாத்தா அவ வாசல்ல வந்து நின்னான். பின்னால நாலு சிப்பாயி. பேச்சை மாத்திச் சொல்ல ஒரு துபாசி, நம்ம ஊருக்காரன்தான்.

"தாயி, தொரைக்கு மனசு இளகிட்டு. தன் பேரையே உம்ம பிள்ளையளுக்குக் குடுக்காரு. மாதா கோயில் புஸ்தகத்துலயும் எழுதியாச்சு. இனிமே நீங்க சபாத்தா குடும்பம்."

"ஆளைக் கொன்னுட்டுப் பேரைக் குடுக்கானாக்கும். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

துபாசி தரையைப் பாத்தான். "சப்பாத்துதான் தாயி. இவரு முப்பாட்டன் சப்பாத்து தைச்சவராம்."

"தைச்சவன் உழைச்சுத் தின்னவன். அந்த நல்ல மனுசன் வம்சத்துலயா இது வந்து பொறந்துச்சு!"

வேண்டாம்னு சொல்லத்தான் நாக்கு துடிச்சுது. உள்ள ரெண்டு பிள்ளைய, வெளிய நாலு துப்பாக்கி. கித்தேரியாள் அடுப்புக்குப் போயி ஒரு கரித்துண்டு எடுத்துட்டு வந்தா. முத்தத்துல கிடந்த பட்டைக் கல்லைக் காட்டுனா.

"வாங்கிக்கிடுதேன். அதுல எழுதச் சொல்லு. பெருசா."

பயலுக்கு வாயெல்லாம் பல்லு. தன் எழுத்துல கல்லு முழுக்க எழுதிட்டுப் போனான். இன்னாசி உளி புடிச்சு அதை ஆழமா வெட்டுனான். அதை வாசல் நிலைக்கு மேல பதிப்பாங்கன்னு ஊரு நினைச்சுது. கித்தேரியாள் வாசப்படியில பதிச்சா. எழுத்து மேல தெரியப் பதிச்சா.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சபாத்தா தன் பேரைப் பாக்க வந்தான். கித்தேரியாள் கரையில இருந்து சேத்துக் காலோட வந்தா. கல்லு மேல ஏறுனா. இந்தக் காலைத் தேச்சா, அந்தக் காலைத் தேச்சா, தேச்சுட்டு அங்கேயே நின்னா.

"தொரை, உம்ம பேரை அதுக்கு ஏத்த எடத்துல வச்சிருக்கேன்."

துபாசிக்கு வேர்த்துட்டு. "வாசல்லயே வச்சுக் கொண்டாடுறாங்க, தொரை. காலு தேச்சு நிக்கிறது எங்க ஊரு மரியாதை"ன்னு மாத்திச் சொல்லிட்டான். சபாத்தா தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சு, அவ சேத்துக் காலைப் பாத்துக் குனிஞ்சு வணங்குனானாம். ஊரே நின்னு பாத்துச்சாம்.

அன்னையில இருந்து அந்த வீட்டு மருமக எவளும் அந்தக் கல்லை மிதிக்காம உள்ள போறதில்ல. மாலையும் கழுத்துமா, வெறுங்காலோட, அது மேலதான் நிக்கணும். பொண்ணு கூச்சப்பட்டு மெதுவா வச்சா மாமியாக்காரி விட மாட்டா.

"அழுத்தி மிதி, தாயி. இன்னும் ரெண்டு எழுத்து அழியாம கிடக்கு."